கட்டிலடிச் சுண்டெலி

அன்பு மகள் சல்தனத்துக்கு அத்-பாஷியிலிருந்து அம்மா எழுதிக்கொண்டது. இங்கே நானும் அப்பாவும் இருக்கிறோம், நலம் என்று எழுதக் கை வரவில்லை, இருக்கிறோம் என்று வைத்துக்கொள். நீ கசானில் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இரு, அதில் குறை வேண்டாம். போனில் பேசலாமென்றால் உன் குரலைக் கேட்டதும் எனக்குச் சொல்ல வந்தது மறந்துபோகிறது, அதற்குள் உனக்கும் அவசரம் வந்துவிடுகிறது. பால் சங்கத்து பாக்தகுல் தன் மகளைப் பார்க்கக் கசான் வருகிறாள், அவள் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

உயிரோடு பிடிக்க நீ அனுப்பிய எலிப்பெட்டி வந்து சேர்ந்தது. முதல் பனி விழுந்த வாரத்திலேயே சுண்டெலி உள்ளே வந்துவிட்டது, மாவு மூட்டையில் ஓட்டை, உன் கல்யாணத்துக்கென்று நான் தைத்து வைத்த கம்பள விரிப்பில் கை நுழைகிற அளவு ஓட்டை. விஷம் வைக்கப் போகிறேன் என்றதும் நீ போனில் அழாத குறைதான். “வேண்டாம்மா, உள்ளுக்குள்ளயே ரத்தம் கசிஞ்சு நாலு நாள் துடிச்சுச் சாகும், அதுவும் ஒரு உயிர்தானே” என்றாய். பெட்டிக்குள் சூரியகாந்தி விதை வை, மூன்று மணிக்கொரு தரம் எட்டிப் பார், பிடித்தால் பனியில் விடாதே, வைக்கோல் இருக்கிற இடமாகப் பார்த்து விடு, வந்த பொந்தைப் பாத்திரம் தேய்க்கிற கம்பிநாரால் அடை என்று நாற்பது நிமிஷம் சொன்னாய். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டேன். அந்த நாற்பது நிமிஷத்தில் அப்பா எப்படி இருக்கிறார் என்று ஒரு வார்த்தை உன் வாயில் வரவில்லை, அதையும்தான் கேட்டுக்கொண்டேன்.

காரணம் எனக்குத் தெரியாததல்ல. நாரினில் பேசி முடித்த மாப்பிள்ளையை வேண்டாமென்று விட்டு மாட்டு வைத்தியம் படிக்கப் பையைத் தூக்கினாய், அவர் “போனா இந்த வாசப்படியை மிதிக்காதே” என்றார். நீயும் மூன்று வருஷமாக மிதிக்கவில்லை, அப்பனுக்குத் தப்பாத பிடிவாதம். போன டிசம்பரில் அவருக்கு வலப்பக்கம் விழுந்து பேச்சும் போனபோது உனக்குச் சொன்னேன். “அவர் என்னைக் கூப்பிட்டாராம்மா?” என்று கேட்டாய். நாக்கு விழுந்த மனுஷன் எப்படிக் கூப்பிடுவான், நீயே சொல். அன்றைக்குப் போனை வைத்துவிட்டேன், அந்தக் கோபம் இன்னும் எனக்கு ஆறவில்லை, மறைப்பானேன்.

பெட்டியை வைத்து ஒன்பது நாளாகியும் எலி அதன் பக்கமே போகவில்லை. வெளியே தீனி கிடைக்கிறபோது அது எதற்குப் பெட்டிக்குள் போகிறது? பெருக்கும்போதெல்லாம் அப்பா கட்டிலடியில் நான் பொரித்த போர்சோக் ரொட்டித் துணுக்குகள், என் கையிலிருந்து சிந்தியது என்றே நினைத்தேன். ஒருநாள் கரி வாளியோடு கதவைத் தள்ளுகிறேன், அவர் என்னைக் கவனிக்கவில்லை, விழுந்துபோன வலது கையின் இரண்டு விரலால் துணுக்கை நெட்டி நெட்டிக் கட்டில் விளிம்புக்குக் கொண்டுபோய்த் தள்ளுகிறார். கீழே அது இரண்டு கையாலும் பிடித்துத் தின்கிறது. பதினொரு மாதமாக அந்த விரல்களை நீவிவிட்டு, மடக்குங்கள், ஒரு தரம் மடக்குங்கள் என்று கெஞ்சியவள் நான். அசைத்ததே இல்லை. எலிக்கு அசைக்கிறார். சந்தோஷப்பட வேண்டும்தான், அவரைப் பார்க்க வருகிற நர்ஸ் அப்படித்தான் சொன்னாள். எனக்கு வயிறு எரிந்தது.

அந்த எரிச்சலில்தான் உன் சய்ரா அத்தையிடம் வாயைவிட்டேன். உனக்குத் தெரியாதா அவளை, அண்ணனைப் பார்க்க வந்தால் என் வீட்டில் என்ன குறை என்றுதான் முதலில் பார்ப்பாள். “ஏன் அண்ணி, எலிக்கு ரஷ்யாவிலிருந்து மாளிகை வந்திருக்காமே, உங்க மகளுக்கு மனுஷங்களைவிட எலிங்கதான் சொந்தமா?” என்று சிரித்தாள், சந்தையில் விற்கிற பசை அட்டையை வைத்தால் ஒரே நாளில் ஒட்டிக்கொள்ளும் என்றாள். மறுநாள் காலையில் நான் பால் கறக்கப் போயிருந்த நேரம் பார்த்துச் சந்தையில் வாங்கிய பசை அட்டையைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, அடுப்படியில் தேநீர் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். வேண்டாம் என்று நான் முந்தின நாளே சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அவள் கொண்டுவருவாள் என்று தெரிந்தேதான் சொல்லாமல் இருந்தேன், உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன்.

தொழுவத்தில் இருந்த எனக்கே அந்தக் கிறீச்சல் கேட்டது. அது நின்ற மாதிரி இருந்தது, உடனே ஒரு மனுஷக் குரல். “சல்தா! சல்தா!” என்று. பால் செம்பைப் போட்டுவிட்டு ஓடினேன். அப்பா பாதி உடம்பு கட்டிலுக்கு வெளியே தொங்க, தரையில் கை ஊன்றிக்கொண்டு, கட்டிலடியைப் பார்த்து உன் பெயரைச் சொல்லிக் கத்துகிறார். நீ சின்னவளாக இருக்கையில் கூப்பிடுவாரே, அதே பெயர். கண்ணீர் மூக்கில் ஒழுகுகிறது. அத்தை செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, “தள்ளுங்க அண்ணி, ஒரே போடு, கதை முடிஞ்சுது” என்கிறாள். “செருப்பைக் கீழே போடு, இல்லைன்னா அது உன் மேலதான் விழும்” என்று சொன்னேன். இருபத்தெட்டு வருஷத்தில் அவளிடம் நான் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. அவள் அழுதுகொண்டே போய்விட்டாள், போகட்டும்.

அவரைத் தூக்கிப் படுக்கவைத்துவிட்டு அட்டையை எடுத்தேன். நாலு காலும் வயிறும் ஒட்டி, தலையை மட்டும் தூக்கித் தூக்கிப் பார்க்கிறது. என்ன செய்வதென்று உன்னைக் கேட்கப் போன் போட்டேன், நீ எடுக்கவில்லை. பிசுக்கென்றால் எண்ணெயில்தானே போகும் என்று சூரியகாந்தி எண்ணெயை வெதுவெதுப்பாக்கி, பஞ்சால் தொட்டுத் தொட்டு ஒவ்வொரு காலாக எடுத்தேன். விரலைக் கடித்தது, கடித்துவிட்டுப் போகிறது என்று விட்டேன். வயிற்று ரோமம் அட்டையோடு போய்விட்டது, பின்னங்கால் ஒன்றை இழுத்து இழுத்து வைத்தது. அப்பா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார், அவர் வாயைத் துடைக்கும்போதுகூட என் கையை அப்படிப் பார்த்ததில்லை. உன் பெட்டிக்குள் கம்பளித் துண்டு போட்டு, அடுப்புக்குக் கொஞ்சம் தள்ளி மூன்று நாள் வைத்திருந்தேன். பிறகு கொண்டுபோய்ச் சய்ரா அத்தையின் வைக்கோல் கொட்டகையில் விட்டேன். நீ சொன்னபடி வைக்கோல் உள்ள இடம்தான். அவளிடம் நீ மூச்சு விடாதே.

இதெல்லாம் நடந்து மூன்று வாரமாகிறது. பதினொரு மாதத்துக்குப் பின் அவர் வாயில் வந்த முதல் சொல் என் பெயரில்லை. சோறூட்டி, குளிப்பாட்டி, புண் வராமல் புரட்டிப் போடுகிறவள் பெயரில்லை. அதற்காக நான் ஒருநாள் தொழுவத்தில் உட்கார்ந்து அழுதேன், பசுவுக்குத்தான் தெரியும். இப்போது அவருக்கு அந்த ஒரு சொல்தான் வருகிறது. கதவு திறந்தால் “சல்தா”. நர்ஸ் வந்தாலும் சல்தா, பாக்தகுல் வந்தாலும் சல்தா, நான் கரி வாளியோடு வந்தாலும் சல்தா. முகத்தைப் பார்த்து நீயில்லை என்று தெரிந்ததும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறார். நானும் பொறுக்கமாட்டாமல், “வந்துகிட்டு இருக்கா, வழியில இருக்கா” என்று சொல்லிவிடுகிறேன். முதல் நாள் சொன்னபோது எவ்வளவு நம்பினாரோ, நேற்றும் அவ்வளவே நம்பினார்.

அவர் கூப்பிட்டாரா என்று கேட்டாயே, கூப்பிடுகிறார். இதற்குமேல் அவரிடம் நீ எதையும் எதிர்பார்க்காதே, மன்னிப்புக் கேட்க அவரிடம் வார்த்தையில்லை. இங்கே வருகிற வழியில் டோலோன் கணவாயில் பெரும்பனி விழுந்தால் வண்டி நின்றுவிடும், பத்தாம் தேதிக்குள் பிஷ்கெக் வந்துவிட்டாயானால் வழி இருக்கிறது. தடிமனான காலுறை போட்டுக்கொண்டு வா. வரவில்லையென்றால் அதையாவது நேராகச் சொல்லிவிடு, எனக்கல்ல, போனை அவர் காதில் வைக்கிறேன், அவரிடம் சொல். கடவுள் உன்னை எந்தக் குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும், உன் கைபடும் வாயில்லாத உயிர்களெல்லாம் பிழைக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா புரூல்