சித்ரகுப்தர் காட்டிய அறுபத்தொன்று

5-6-2007, செவ்வாய்

வெயில். பூமி தோசைக்கல். திருச்சியிலிருந்து நமது ரதம் வந்து சேர்ந்தது. செகண்ட் ஹேண்ட்தான், ஆனாலும் ஏசி உண்டு. மீட்டருக்குக் கீழே சின்னக் கண்ணாடியில் ஒரு எண். இருக்கிற பெட்ரோலில் இன்னும் எத்தனை கி.மீ. ஓடும் என்று சொல்லுமாம். வண்டிக்கு ஆயுள் கணக்கு எழுதுகிறவர். சித்ரகுப்தர் என்று பெயர் சூட்டினேன். பார்க்கப் பெரம்பலூரே திரண்டது. (எதிர் வீட்டுக்காரர், அவர் ஆடு.)

அக்கா மகள் மலருக்குச் சென்னை ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. சனிக்கிழமை காலை பத்துக்குள் சேராவிட்டால் பட்டியலில் அடுத்த பெண்ணுக்குப் போய்விடும். வெள்ளி மதியம் அரியலூரில் ரயில். நான் கொண்டுபோய் விடுகிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். அத்தான் இருந்திருந்தால் அவர் போயிருப்பார்.

6-6, புதன்

சி.கு.வுக்குப் பரீட்சை. அரியலூர் ரோட்டில் பாதி தூரம் போய்த் திரும்பினேன்.

கிளம்பும்போது காட்டியது: 118
ஓடியது: 34 கி.மீ.
திரும்பியபோது: 90

34 ஓடி 28தான் குறைத்திருக்கிறார்! கர்ணன். (தனியாள், ஏசி இல்லை, வேகம் நாற்பது. ஒரு மாட்டுவண்டி முந்தியதை இங்கே எழுதப்போவதில்லை.)

7-6, வியாழன்

கொத்தமல்லி, சோப்பு, மலருக்குப் பூட்டு. பெட்ரோல் போட்டுக்கொள்ளச் சொன்னாள் மனைவி. சி.கு. இருக்க பங்க் எதற்கு என்றேன். “நடுரோட்டுல நிக்கும்போது அவரே எறங்கித் தள்ளுவாரா?” படிக்காத மேதை.

8-6, வெள்ளி. மாலை எழுதுவது

காலை பதினொன்றரை. நேற்றுக் கடைவீதி சுற்றியதும் போக சி.கு. 61. சிறுவாச்சூர் கோயில் போய்வர 16, அரியலூருக்கு 30. ஆக 46. மிச்சம் 15. அதில் லண்டன் போய்வரலாம்.

சிறுவாச்சூரில் வெள்ளிக்கிழமைக் கூட்டம். வண்டிக்குப் பூசை, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம். ஏற்றி நசுக்கியதும் சாவியில் கை வைத்தேன். அக்கா தடுத்தாள். “பூச போட்ட வண்டிய நடுவுல அணைக்கக் கூடாது தம்பி. போய் எறங்குற எடத்துலதான் அணைக்கணும்.” எங்கள் குடும்பச் சட்டம், அப்பா காலத்து லாரியிலிருந்து. ஆகவே அவர்கள் வரிசையில் நின்று கும்பிட்டுவர ஆன ஐம்பது நிமிஷமும் எஞ்சின் ஓடியது. ஏசியும். உள்ளே மகாராஜா.

வந்தபோது 52. கிளம்பும்போது 36. ஓர் அடி நகராமல் 16 கி.மீ. போயிருக்கிறேன்.

பெரம்பலூர் திரும்பியபோது 27. பங்க் வாசலில் மெதுவாக்கினேன். அங்கே எஞ்சினை அணைக்காமல் பெட்ரோல் போடமாட்டார்கள். அக்கா முகத்தைப் பார்த்தேன். மேலும் புதன்கிழமைக் கணக்குப்படி 27 என்றால் 33 ஓடும். தூரம் 30தானே. விட்டேன் வண்டியை.

மணி ஒன்றே கால். ரயில் இரண்டு இருபத்தைந்துக்கு. எண்பதில் மிதித்தேன். முன்னால் போன தனியார் பஸ்ஸை ஹாரன் அலற முந்தி, கண்டக்டருக்கு டாட்டா வேறு காட்டினேன். அதன் பிறகு சிமெண்ட் லாரி வரிசை. பிரேக், மிதி, பிரேக். 20. 14. 9. பிறகு எண்ணே இல்லை, மூன்று கோடு. அரியலூருக்கு ஐந்து கி.மீ. இருக்கையில் வண்டியை நான் அணைக்கவில்லை. அதுவே அணைந்தது.

அக்கா இறங்கி ரோட்டில் நின்று கை காட்டத் தொடங்கினாள். திட்டியிருக்கலாம். மலர் பெட்டியை இறக்கி ரோட்டோரம் வைத்தாள். “நீங்க பதறாதீங்க மாமா,” என்றாள். அவள் உதடு வெளுத்திருந்தது. கை காட்டிய ஒரு லாரியும் நிற்கவில்லை.

நின்றது அந்த பஸ். அதே கண்டக்டர். “டாட்டா காட்டுன சாரா? ஏறுங்க, ஏறுங்க.”

விஷயத்தைச் சொன்னேன். அந்த பஸ் ரயில்வே ஸ்டேஷன் பக்கம் போகாதாம். அவர் உள்ளே திரும்பி, ஒரு பொண்ணு வேலையில் சேரப் போகுது, ஸ்டேஷன்ல எறக்கிட்டுப் போகலாமா என்று கேட்டார். கரும்புக்கட்டோடு இருந்த அம்மாள் ஒருவர், “இதுக்கு எதுக்குய்யா கூட்டம் போடுற? வண்டிய எடு,” என்றார். அக்காவும் மலரும் ஏறினார்கள். நான் வண்டிக்குக் காவல்.

பேசிவைத்தது: ரயில் ஏறிவிட்டால் இரண்டு மிஸ்டு கால். தவறவிட்டால் ஒன்று.

செல்லைக் கையில் வைத்துக்கொண்டு சிமெண்ட் தூசியில் நின்றேன். இரண்டு இருபத்தாறுக்கு அடித்தது. நின்றது. அதற்குப் பின் ஒரு யுகம். அக்கா வீட்டுக்குப் போய் என்ன சொல்வது என்று வாக்கியம்கூட யோசித்துவிட்டேன்.

மறுபடி அடித்தது.

அழவில்லை. தூசி.

9-6, சனி

மலர் ஒன்பது மணிக்கே போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டாள். அம்மனுக்கு, பஸ்ஸுக்கு, கரும்புக்கட்டு அம்மாளுக்கு, எல்லாருக்கும் கோடி கும்பிடு. நேற்று அக்கா அரியலூரிலிருந்து கேனில் வாங்கிவந்த பெட்ரோலில்தான் வீடு வந்தோம். மெக்கானிக்கிடம் சி.கு.வைப் பற்றிப் புகார் செய்தேன். “நீங்க இதுவரைக்கும் எப்படி ஓட்டுனீங்களோ அத வச்சுத்தான் சார் அது சொல்லும். இனிமே எப்படி ஓட்டுவீங்கன்னு அதுக்கு எப்படித் தெரியும்?” சி.கு. நிரபராதி. விடுதலை.

10-6, ஞாயிறு

பஸ் ஸ்டாண்டு. கண்டக்டருக்கு அல்வா. வேண்டாம் வேண்டாம் என்று முக்கால் பொட்டலம் சாப்பிட்டார். முதலாளி திட்டினாரா என்றேன். “ரயில்வே கேட்டு மூடியிருந்துச்சுன்னு சொல்லிட்டோம் சார்.” உங்கள் பஸ்ஸில் டீசல் எவ்வளவு என்று எப்படித் தெரியும் என்றும் கேட்டேன். டேங்குக்குள் குச்சி விட்டுப் பார்ப்பார்களாம்.

டேங்க் நிரப்பினேன். எஞ்சினை அணைத்துவிட்டுத்தான். அக்கா பக்கத்தில் இருந்தாள், வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

மதியம் மலரிடமிருந்து இரண்டு மிஸ்டு கால். பதறிப்போய்த் திருப்பி அழைத்தேன். ஒன்றுமில்லையாம், சாப்பிட்டாளாம். “இப்ப எத்தன காட்டுது மாமா?” என்றாள். இறங்கிப் போய்ப் பார்த்துச் சொன்னேன்: 402. சென்னை இருநூற்றெழுபது சொச்சம். போதும் என்கிறார் சி.கு. நான் குச்சி ஒன்று சீவி வைத்திருக்கிறேன். அக்காவிடம் கேட்கவேண்டும், எப்போது கிளம்பலாம் என்று.