குறுக்கே விழாத கீறல்

மார்ச் 4
காலையிலிருந்து மைக்ரோஸ்கோப்பை விட்டு எழவில்லை. கழுத்து இறுகிக் கிடக்கிறது. சோதிக்கச் சொல்லி வந்த ரத்தினக் கற்களெல்லாம் கண்ணாடி, சாயம் ஏற்றியது, துண்டுகளை ஒட்டியது. இந்த லேப்பில் யாருக்காவது நல்ல சேதி சொல்லி நாளாகிவிட்டது.

மார்ச் 6
அக்காவின் போன். அத்தானுக்கு ரத்தினக்கல் தோண்டும் குழியில் நீலநிறத்தில் ஒரு கல் கிடைத்திருக்கிறதாம், நாளை என்னிடம் கொண்டுவருவாராம். லாரி வேலையை விட்டுவிட்டுக் குழி தோண்டப் போன மனுஷன். வீட்டுக்கு விருந்தாளி மாதிரி வந்துபோகிறார்.

"அது என்னவா இருந்தாலும் சரி, ஒண்ணுக்கும் ஆகாதுன்னு சொல்லிடுடி. போன மாசம் மண்ணு சரிஞ்சு கூட வேலை பாத்தவருக்குக் காலே போச்சு" என்றாள்.

அத்தான் முழுசாக வீடு வந்து சேர்ந்தால் எனக்கு மட்டும் கசக்கவா செய்யும்?

மார்ச் 7
கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்தார். சுண்டுவிரல் நீளப் படிகம், பட்டை பட்டையாக. நடுவில் அடர்நீலம், ஓரம் வெளிறியிருந்தது. அசல் நீலக்கல்லாகவே இருந்துவிட்டால் பொய் சொல்வேனா?

தண்ணீருக்குள் தொங்கவிட்டு எடை பார்த்தேன். நீலக்கல்லின் கனம் இல்லை. எஃகு ஊசியால் நீளவாக்கில் இழுத்தேன், கீறல் விழுந்தது. குறுக்கே இழுத்தேன், வழுக்கியது. நீலக்கல்லானால் எந்தப் பக்கமும் கீறல் விழாது; இது அதைப்போலத் தோன்றும் மலிவான கல், கயனைட். அப்பாடா என்றிருந்தது. அப்படி நினைத்ததற்கு வெட்கமாகவும்.

"நீலக்கல் இல்ல அத்தான், கயனைட். பட்டை தீட்டப் போனா பிளந்துக்கும். அழகுக்கு வாங்கி வைக்கிறவங்க ஏதோ கொடுப்பாங்க."

சிரித்தார். "உங்க அக்கா சொல்லிக் கொடுத்தத அப்படியே ஒப்பிக்கிறியே!"

என்னிடம் சொல்லிவைத்ததை நேற்று அவரோடு போட்ட சண்டையில் அவளே உளறியிருக்கிறாள். இனி நான் என்ன சொல்லி என்ன? ஊசியை அவர் கையில் கொடுத்தேன். குறுக்கே மட்டும் இழுத்துவிட்டு, "பாரு, ஒரு கோடு விழல" என்றார். நீளவாக்கில் இழுங்கள் என்று கெஞ்சக் கெஞ்ச, கல்லை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

உண்மையைத்தானே சொன்னேன்!

மார்ச் 8
அக்கா நாலு தடவை கூப்பிட்டாள். எடுக்கவில்லை.

மார்ச் 12
இன்று அக்காவின் போனை எடுத்தேன். அத்தான் கல்லைக் கொண்டுபோன வேறொரு லேப்பிலும் கயனைட் என்றே சொன்னார்களாம். "அங்கயும் போன் போட்டு வச்சிருக்கியா?" என்று அக்காவிடம் கத்திவிட்டுக் குழிக்கே போய்விட்டாராம்.

மார்ச் 15
லீவு போட்டுவிட்டுக் குழிக்கே போனேன். லேப்பில் ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருக்கும் அசல் நீலக்கல் துண்டையும் ஊசியையும் எடுத்துப் போனேன். இடுப்பளவு சேற்றுத் தண்ணீரில் நின்றிருந்தார். என்னைக் கண்டதும் மேலே ஏறி வந்தார். எத்தனை இளைத்துவிட்டார்!

"நான் ஒண்ணும் சொல்லல. ரெண்டையும் நீங்களே கீறிப் பாருங்க" என்றேன்.

என் துண்டில் எப்படி இழுத்தும் ஊசி ஏறவில்லை. தன் கல்லைக் குறுக்கே இழுத்தார். வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தார். பிறகு, மெதுவாக, நீளவாக்கில்.

"கோடு விழுது" என்றார். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை.

மார்ச் 18
அக்காவின் போன். "நேத்து சாயங்காலம் மூட்டையோட வந்தாரு. கால் கழுவினாரு, படுத்தாரு. சாப்பிடக்கூட இல்ல, இன்னும் தூங்குறாரு. எழுப்பட்டுமா?"

"எழுப்பாதே" என்றேன்.