உன் கதையில் என் அம்மா குடித்த பால்

சிட்டு,

உன் புத்தகத்தைப் புதுசாக அச்சடித்து இன்று காலையில் கொண்டுவந்து கொடுத்தார்கள். அட்டையில் தங்கக் கலரில் ஒரு வட்டம், அதற்குள் 'பரிசு பெற்ற நூல்'. பிரித்து மோந்து பார்த்தேன். மை வாசனை மூக்கில் ஏறியது. பரிசை வாங்கத்தான் நீ இல்லை. போய் எட்டு மாசம் ஆகிவிட்டது.

கொண்டுவந்தது காலேஜுப் பெண்கள் இரண்டு பேர். உன் கதையைப் பாடத்தில் வைத்திருக்கிறார்களாம். ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மாவுக்குக் கடைசியா பால் ஊத்துன அக்கா நீங்கதானாங்க? படிச்சிட்டு எங்க கிளாஸே அழுதுச்சுங்க" என்றாள். வெள்ளிக்கிழமை உனக்கு நினைவுக் கூட்டம். அந்தப் பாலைப் பற்றி நான் பேச வேண்டுமாம். நான் டீ போட உள்ளே போய்விட்டேன்.

நான் ஊற்றவில்லை என்று உனக்குத் தெரியும். செராமிக் கம்பெனியில் அன்றைக்கு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் நீதானே. அச்சிலிருந்து எடுத்த பொம்மைகளுக்கு ஈர ஸ்பாஞ்சால் ஓரம் துடைத்துக்கொண்டிருந்தோம். அம்மாவுக்கு மூச்சு இழுக்கிறது என்று கம்மாபுரத்திலிருந்து அண்ணி போன் செய்தாள். எழுந்துவிட்டேன். ஆனால் துடைக்காமல் விட்டால் களிமண் காய்ந்து பொம்மை வீணாகிவிடும்.

"இன்னும் நாலு பொம்மைதான்க்கா, முடிச்சிட்டுக் கெளம்பு. ஒங்கண்ணி தும்மல் வந்தாகூட போன் போடுறவதான" என்றாய். நானும் சிரித்தேன். முடித்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன். போய்ச் சேர்ந்தபோது அம்மாவுக்குத் தாடையைச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள்.

மறு வருஷம் அந்தக் கதை பத்திரிகையில் வந்தது. நான் அஞ்சாவதோடு நின்றவள், எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். அதனால் சாப்பாட்டு நேரத்தில் நீயே படித்துக்காட்டினாய். உன் கதையில் மகள் ஸ்பாஞ்சை அப்படியே போட்டுவிட்டு ஓடுகிறாள். மூன்று கரண்டி பால் ஊற்றுகிறாள். மூன்றையும் அம்மா விழுங்குகிறாள்.

"ஏண்டி இப்பிடிப் பொய்யி எழுதுன?"

"கதன்னா அப்பிடித்தான்க்கா. நீ சோத்தத் தின்னு."

உன் டப்பாவில் இருந்த கருவாட்டையும் எனக்கே வைத்துவிட்டாய். நீ ஒரு வாய்கூட வைக்கவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் தெருவே உன் கதையைத்தான் நம்பியது. நானும் மறுக்கவில்லை. சில நாள் எனக்கே அம்மா விழுங்கிய சத்தம் கேட்கும். எத்தனை ஆறுதல் தெரியுமா அது!

ஆனால் வெள்ளிக்கிழமை உள்ளதைச் சொல்லிவிடப் போகிறேன். அந்தப் பெண்களின் முகம் வாடினால் வாடட்டும். நாளைக்கு அவர்களுக்கும் இப்படி ஒரு போன் வந்தால், கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவார்கள் அல்லவா? உன் கதைக்கு ஒன்றும் ஆகாது, அது நல்ல கதை. முடித்துவிட்டுப் போகச் சொன்னது யார் என்பதை மட்டும் சொல்ல மாட்டேன். அது என்னோடு இருக்கட்டும்.

உன்மேல் எனக்கு ஒரு நாளும் கோபம் வந்ததில்லை, சிட்டு. அதை உன்னிடம் வாய்விட்டுச் சொல்லாமல் இருந்துவிட்டேனே, அதுதான் நெஞ்சில் நிற்கிறது. அந்த மூன்று கரண்டிப் பாலை நீ ஊற்றியது என் மனசு ஆறவா, உன் மனசு ஆறவா?