பதினோராயிரம் ரூபாய்ப் பலாப்பழம்

ஏப்ரல் 22, செவ்வாய்

காலையிலேயே அனல். நேற்று சாயங்காலம் மழை நாலு பொட்டு, இடி மட்டும் வீடு குலுங்க. அந்த இடியில் ஏசி போயிற்று. மிக்சிக்கு ஒன்றுமில்லை, டிவிக்கு ஒன்றுமில்லை. எது இல்லாமல் முடியாதோ அதுதான் போகும்.

இவருக்குக் காய்ச்சல் 100. ஈரத்துண்டு மாற்றி மாற்றி. ஜன்னலில் நனைத்த சாக்கு. ஃபேன் சுடுகாற்றை வாரி அடிக்கிறது.

ஷிபு வந்தான், களியக்காவிளையில் ஏசி மெக்கானிக். இவர் பெயின்ட் வேலைக்குப் போன காலத்திலிருந்தே பழக்கம். மூடியைக் கழற்றி மோந்து பார்த்தான்.

"அக்கா, போர்டு கரிஞ்சு போச்சு. கேஸும் இல்ல."

"எவ்வளவு மக்கா ஆவும்?"

"கடை வெலைக்கே தாறேன். எல்லாஞ் சேத்து ஒம்பதாயிரத்து நானூறு."

இவர் கட்டிலில் கிடந்தபடி, "எலே ஷிபு, சவப்பெட்டி இதவிட கொறஞ்ச வெலைக்குக் கெடைக்குமே" என்றார். அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கையிருப்பு 1,150. இவருடைய ஊனமுற்றோர் பென்ஷன் எப்போது வரும் என்று தெரியாது. வளையல் முன்பே பாங்கில் அடகு.

பால் 28. பாராசிட்டமால் 20.

ஏப்ரல் 24, வியாழன்

பஞ்சாயத்து ஆபீஸ். வீடு மராமத்துக்கு உதவி உண்டு என்று கேள்வி. கேரளப் பஞ்சாயத்து, மனு மலையாளத்தில்தான் வேண்டும். பஸ் போர்டு வாசித்துப் பழகிய மலையாளம், இருந்தாலும் மனுவை நானே எழுதினேன். எழுதியது இது:

கணவர் ஞானதாஸ், பெயின்டர். இரண்டு வருடம் முன்பு டிசம்பரில் ஆலயக் கோபுரத்தில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்டும்போது விழுந்து முதுகெலும்பு ஒடிந்தது. நெஞ்சுக்குக் கீழே உணர்ச்சி இல்லை. அந்த இடம் வியர்ப்பதும் இல்லை. வியர்க்காத உடம்பில் சூடு வெளியே போகாது. அறை சூடானால் காய்ச்சல் ஏறும், உயிருக்கே ஆபத்து. அறை குளிர்ச்சியாக இருக்க வேண்டும் என்று டாக்டர் எழுதிய சீட்டு இணைப்பு. கூட வேலை செய்தவர்கள் பிரித்து வாங்கித் தந்த பழைய ஏசி, இடியில் கெட்டுப்போனது.

ஃபாரத்தில் இருப்பவை: கூரை, சுவர், தரை, கதவு, கக்கூஸ். ஏசி இல்லை.

கிளார்க் வாசித்துவிட்டு, "சேச்சி, ஏசியோ? என்றெ வீட்டில்கூடி இல்லல்லோ" என்றான். அவன் வீட்டில்கூட இல்லையாம். வரிசையில் நின்றவர்களுக்கு நல்ல சிரிப்பு. டாக்டர் சீட்டை யாரும் புரட்டவில்லை.

எங்கள் வார்டு மெம்பர் பிந்து வராந்தா வரைக்கும் கூட வந்தாள். நல்லவள்தான்.

"அக்கா, கூரை ஒழுகுதுண்ணு எழுதுங்க. நான் பாஸாக்கித் தாறேன். பைசா வந்த பெறவு ஏசி நன்னாக்குங்க, ஊஞ்சல் கெட்டுங்க, யாரு கேக்கா?"

"கூரை ஒழுகல்லியே மெம்பரே."

"இந்த மனசாட்சிய வச்சுக்கிட்டு நீங்க எப்பிடியாக்கும் ஜீவிக்கப் போறிய?"

பொய் எழுதினால் பணம், உள்ளதை எழுதினால் சிரிப்பு. ஃபாரத்தை மடித்துக் கொண்டுவந்துவிட்டேன். பஸ் 26.

ஏப்ரல் 25, வெள்ளி

வீட்டுக்கு வந்து பார்க்கும் பாலியேட்டிவ் சிஸ்டர், இவருடைய படுக்கைப் புண்ணைக் கழுவிக் கட்டினாள். அறைக்குள் வந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இதுக்குள்ள கெடந்தா புண்ணு ஆறாது அக்கா. காய்ச்சல் நூத்திரண்டு தாண்டினா ஒடனே ஆஸ்பத்திரி" என்றாள். அவளிடம் மருந்துக்கும் தண்ணீர் மெத்தைக்கும் வழி உண்டு, ஏசிக்கு இல்லை.

மத்தியானம் சபையின் பெண்கள் சங்கம். ஒரு சீலிங் ஃபேன் தந்தார்கள், கொடுத்தவர் பெயர் ஒட்டியது. கட்டிலருகே நின்று போட்டோ. இருக்கிற ஃபேனே அடுப்பு மாதிரி ஊதுகிறது. நன்றி சொன்னேன். ஜெபத்திலும் சொன்னேன்.

சாயங்காலம் சபைச் செயலாளர் சத்தியதாஸ் சார் வீட்டுக்கு நானே போனேன். பள்ளிக்கூட சார், ரிட்டயர்டு.

"ஏசிக்குப் பைசா குடுத்தோம்ணு மினிட்ஸ்ல எழுதினா, நாளைக்கு எல்லா வீட்டுக்காரனும் வந்து நிப்பான், கேட்டியா லீலா."

"எல்லா வீட்டுக்காரனும் கோபுரத்துல இருந்தா விழுந்தான் சார்?"

வாய் தவறி வந்துவிட்டது. சார் எழுந்து லைட்டைப் போட்டார். பிறகு, "ஞாயித்துக்கெழமை ஏலத்துக்கு ஒரு பொருள் கொண்டு வா. அது போற பைசா ஒனக்கு" என்றார்.

ஏப்ரல் 27, ஞாயிறு

ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்.

நம் வீட்டுப் பலா, பெரியது. ஷிபுதான் தூக்கிக்கொண்டு வந்தான். ஆராதனை முடிந்து ஏலம். காணிக்கையாக வந்த முட்டை, வாழைக்குலை, ஒரு சேவல் எல்லாம் போனபின், சார் மைக்கில், "இது ஞானதாஸ் வீட்டுப் பலாச்சக்கை. கர்த்தருக்க காரியத்துல விழுந்த மனுசன். அவருக்க ரூம் ஏசி ரிப்பேருக்கு" என்றார். முந்நூறில் தொடங்கியது. சவுதியில் சம்பாதித்து வந்த வில்சனும் அவர் மச்சினனும் போட்டி. ஆயிரம், மூவாயிரம், ஏழாயிரம். பெண்கள் பக்கம் எழுந்து நின்று பார்த்தார்கள். வில்சன் கையைத் தூக்கி, "பதினோராயிரம்! முடிஞ்சுதா மச்சினா?" என்றார். ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். கைதட்டு. எனக்குக் கண் மறைத்தது.

பழத்தைக் காரில் ஏற்றிக்கொண்டு போனார்.

ஆலய வாசலிலேயே ஷிபுவிடம் சொல்லிவிட்டேன், நாளைக்கே போர்டு மாட்டு என்று.

வரவு 11,000. செலவு போக மிச்சம் 1,600. அதில் தசமபாகம் எடுத்து வைக்க வேண்டும்.

ஏப்ரல் 28, திங்கள்

ஷிபு மாட்டினான். போர்டைக் கடையில் கடன் சொல்லி எடுத்தானாம். மூன்று மணிக்கு ஓடத் தொடங்கியது. இவர் நன்றாகத் தூங்கினார். புண் நாற்றமும் குறைவு.

மே 1, வியாழன்

பணம் வரவில்லை. சாரிடம் கேட்டேன்.

"ஏலப் பைசா அண்ணைக்கே வருமா லீலா? பொருள கொண்டு போவாவ. பைசா வருஷக் கணக்குல. கிறிஸ்துமசுக்கு முந்தித் தீத்தா போரும். சபையில எப்பவும் அப்பிடித்தானே."

அப்பிடித்தான். எனக்கும் தெரியும். சின்ன வயதிலிருந்து இந்த ஏலத்தைப் பார்க்கிறேன். ஐந்து ரூபாய் முட்டையைக்கூட நிலுவையில்தான் எழுதுவார்கள். தெரிந்தும் அன்றைக்கு மறந்தேன். கைதட்டு காதை அடைத்துவிட்டது.

27-ஆம் தேதி வரவை அடித்துவிட்டேன்.

மே 3, சனி

உதியன்குளங்கரை, வில்சன் வீடு. சுவரில் ஏசியின் வெளிப்பெட்டி மூன்று. எண்ண வேண்டும் என்று எண்ணவில்லை, கண்ணில் பட்டது.

"எலீ லீலா, அது மச்சினன் ஏத்தி விட்டு வீம்புக்கு வாய் விட்டதாக்கும். தரமாட்டேண்ணா சொன்னேன்? வருஷக் கணக்குல தாறேன். இப்ப ஒனக்கு ஏசி ஓடுதில்லியா? பின்ன என்ன?"

"ஷிபு கடைக்குக் கடன் நிக்குது அண்ணே."

"அவனுக்குக் கடன் குடுக்கச் சொன்னது நானா?"

உள்ளே போய்விட்டார். அவர் பெண்டாட்டி பாவம், ஓடிவந்து டிபன் பாத்திரம் ஒன்றைக் கையில் திணித்தாள். "சக்கை வரட்டியாக்கும் அக்கா, வெல்லம் போட்டுக் கிண்டினது. ஒங்க சக்கைதான். நல்ல தேனு."

வாங்கிக்கொண்டேன். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன், சூடு இன்னும் இருந்தது.

இவர் இரண்டு ஸ்பூன் தின்றார். "பதினோராயிரத்துக்கு ருசி உண்டு பிள்ளே." நான் தொடவில்லை. பாத்திரம் கழுவித் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

மே 6, செவ்வாய்

ஷிபு காலையில் வந்து நின்றான். ஒன்றும் கேட்கவில்லை. தண்ணீர் குடித்தான், இவரிடம் பேசினான், போவதுபோல் எழுந்து மறுபடி உட்கார்ந்தான். நடந்து வந்திருந்தான் என்று அப்போதுதான் தெரிந்தது.

"வண்டி எங்க மக்கா?"

"கடைக்காரன் பிடிச்சு வச்சிருக்கான் அக்கா. போர்டு பைசா கிட்டினா விடுவான்."

"கழத்திக்கொண்டு போ."

"வேண்டாம் அக்கா. ஒரு வாரம் கூடிப் பாப்போம்."

"வண்டி இல்லாம நீ எங்க வேலைக்குப் போவ? கழத்து."

ஸ்டூலை நான்தான் பிடித்துக்கொண்டேன். இவர் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார், தூங்கவில்லை. போர்டைத் துணியில் சுற்றிக்கொண்டு போனான். கேஸ் மட்டும் உள்ளே இருக்கிறது. அந்தக் காசு பிறகு போதும் என்றான்.

மே 8, வியாழன்

மத்தியானம் 103. கண் செருகிப் பேச்சு குழறியது. பிந்து மெம்பர் வண்டி பிடித்துத் தந்தாள். நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரி. ஐஸ், டிரிப். சாயங்காலம் இறங்கியது.

டாக்டர் சின்னப் பெண். "ரூமில் ஏசி இல்லையா? இவருக்கு அது மருந்து மாதிரி. தெரியாதா?"

தெரியும் என்றேன்.

வண்டி 700, மெம்பர் வாங்க மறுத்தாள், கடனாக எழுதியிருக்கிறேன். மருந்து 340.

ஜெபிக்க உட்கார்ந்தேன். வார்த்தை வரவில்லை. வரவுசெலவு மட்டும் வந்தது.

மே 10, சனி

சர்ச் பெருக்கிவிட்டு வந்த சகோதரி சொன்னாள்: வில்சன் தன் அப்பன் நினைவாகப் போதகர் வீட்டுக்குப் புது ஏசி வாங்கினாராம். மாட்டியாயிற்று. கல்வெட்டு மாதிரி பித்தளைத் தகடும் உண்டாம். ரொக்கமாகக் கொடுத்தார் என்று இரண்டு தடவை சொன்னாள்.

"பழையது என்ன ஆச்சு?"

"நாளைக்கு ஏலம். நல்லா ஓடுததுதான்."

மே 11, ஞாயிறு

நடந்தது நடந்தபடி, ஒழுங்காக எழுத வேண்டும்.

ஏலத்தில் கடைசியாகப் பழைய ஏசி. பழைய சாமான் வாங்கும் ஆக்கர்கடைக்காரர் ஆயிரத்தைந்நூறு என்றார். பிறகு ஒருவர் இரண்டாயிரம். நான் எழுந்து, "பதினோராயிரம்" என்றேன்.

சார் கண்ணாடியைக் கழற்றினார். "லீலா, வெளையாட்டா?"

"இல்ல சார். எழுதுங்க."

"பைசா?"

"ஏலப் பைசா வருஷக் கணக்குலண்ணு நீங்கதானே சொன்னிய. பொருள அண்ணைக்கே கொண்டு போலாம். வில்சன் அண்ணன் சக்கையக் கொண்டு போனாவல்லா? அந்தப் பதினோராயிரம் எனக்குள்ளதாக்கும். அவிய எண்ணைக்குத் தாறாவளோ, அண்ணைக்கு நானும் தாறேன்."

பின்னால் யாரோ சிரிக்கத் தொடங்கி இருமலாக்கிக்கொண்டார்கள். வில்சன் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மச்சினன் மட்டும் சத்தமாக, "கொள்ளாம், நல்லாச் சொன்னா!" என்றான். சார் ஒரு தரம் சொன்னார். ரெண்டு தரம் சொன்னார். அதோடு நின்றுவிட்டார்.

போதகர் தலையைத் தூக்காமல், "மூணாந்தரம் சொல்லும் சார்" என்றார்.

ஷிபு ஆட்டோவோடு வெளியே நின்றான். தூக்க அவனும் நானும். சபையில் ஆண்கள் எத்தனையோ பேர்.

கூரை ஒழுகுகிறது என்று எழுதவில்லை. இதில் பொய் ஏதும் இல்லை. ஆனாலும் ஆலயத்துக்குள் வைத்துச் செய்தது. ஆண்டவரிடம் கேட்டேன். பதில் இன்னும் இல்லை.

மே 13, செவ்வாய்

பழைய ஏசி ஓடுகிறது. ஷிபு கூலி வாங்கவில்லை, பைப் காசு மட்டும் 600, அதுவும் கடன். 27 டிகிரியில் வைத்திருக்கிறேன். புண்ணைப் பார்த்து, இனி ஆறும் என்று சிஸ்டர் தலையாட்டினாள்.

ஃபேன் கொடுத்தவர்கள் ஆள் அனுப்பி ஃபேனைத் திருப்பிக் கேட்டார்கள். ஏசி வீட்டுக்கு எதற்கு என்று. பெட்டி பிரிக்காமல்தான் இருந்தது. கொடுத்தேன்.

மே 16, வெள்ளி

கடைக்குப் போகிற வழியில் இரண்டு சங்கப் பெண்கள். நான் ஸ்தோத்திரம் சொன்னேன். ஒருத்தி குடையைத் தாழ்த்திக்கொண்டாள். கடந்து போன பின் காதில் விழுந்தது: "கஷ்டப்பட்டவியண்ணு பாத்தா, நாக்கு கண்டியளா?"

அரிசி 5 கிலோ, 210. தேங்காய் நம் வீட்டுது.

மே 18, ஞாயிறு

ஆலயத்துக்குப் போகவில்லை. கல்யாணமான பின் இவர் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்கள் தவிரப் போகாமல் இருந்ததில்லை. இவர் கட்டிலருகே உட்கார்ந்து இரண்டு பேரும் ஜெபித்தோம். ஆலய ஸ்பீக்கர் கேட்கட்டும் என்று ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தேன். பாட்டு வந்தது. இவரும் மெதுவாகச் சேர்ந்து பாடினார்.

பிரசங்கம் முடிந்து அறிவிப்பு. சார் குரல். புது ஏசிக்கு வில்சனுக்கும் குடும்பத்தாருக்கும் நன்றி. அப்புறம் ஏல நிலுவை. இதுவரை வருஷக் கடைசியில் அல்லாமல் வாசித்ததே இல்லை.

"ஞானதாஸ் மனைவி லீலாபாய். பழைய ஏசி ஒன்று. ரூபாய் பதினோராயிரம்."

அடுத்து வில்சன் பெயர் வரும் என்று காத்திருந்தேன். அடுத்தது பாட்டு.

இவர் என்னையே பார்த்துக்கொண்டு கிடந்தார். "ஜன்னல அடை பிள்ளே. குளிரு போவுது" என்றார்.

அடைத்தேன்.