ஐந்தாம் நம்பர் சார்ட்டில் அங்கம்மா

ஜங்லிகாட்,
செவ்வாய்க்கிழமை.

தீவின் பெருமை, கடலின் அருமை, எங்கள் பள்ளிச் சுவரின் முன்னாள் அலங்காரம், என் அக்கா உமா மகேஸ்வரிக்கு,

மூன்று நாள் பள்ளிக்கூடத்துப் பக்கமே தலைகாட்டக் கூடாது என்று விரட்டப்பட்ட தங்கை திவ்யா எழுதுவது. நான் நலம். நீ நலமா என்று கேட்க மாட்டேன். கேட்டால் 'ம்' என்பாய். பத்து நாளாய் என் போனை எடுக்காதவளிடம் அந்த 'ம்'கூடக் கிடைக்காது என்பதால்தான் பேப்பரும் பேனாவும்.

ஜம்புலிங்கம் மாமா கண் ஆபரேஷனுக்காக வியாழக்கிழமைக் கப்பலில் மறுபடி மெயின்லேண்ட் போகிறார். நம் தீவில் ஒருவர் சென்னைக்கு டிக்கெட் எடுத்தால் தெருவுக்கே தபால்காரர் ஆகிவிடுவார், உனக்குத் தெரியாததா? போன மாதமும் நம் பார்சலை அவர்தான் சுமந்தார். அம்மா தைத்த இரண்டு வெள்ளை யூனிஃபார்ம் சட்டை, ஒரு கிலோ கருவாடு. உன் கப்பல் கல்லூரி ஹாஸ்டல் வாசலில் வாட்ச்மேன், "அந்தப் பொண்ணு டிசம்பர்லயே படிப்பை விட்டுட்டுப் போயிடுச்சே" என்றாராம். மாமா பார்சலைத் திரும்பச் சுமந்துவந்து துறைமுக ஜெட்டியில் என் கையில் கொடுத்தார். "ஏம்மா, அக்கா அங்க இல்லையாமே?" என்றார். நான் கண் இமைக்காமல், "டிரெயினிங்ல கப்பல் ஏறிட்டா மாமா, வாட்ச்மேனுக்கு என்ன தெரியும்?" என்றேன். மாமாவுக்குக் கண்ணில் புரை. கடவுள் சில நேரம் என் கட்சி.

பார்சலைப் பரணில் பழைய கொசுவலைக்கு அடியில் ஒளித்தேன். கருவாட்டை ஒளிக்கலாம், வாசனையை ஒளிக்க முடியுமா? எலி செத்திருக்கும் என்று அம்மாவிடம் சொன்னேன். அன்று மாலையே சமையலறையில் நின்று உனக்குப் போன் போட்டேன். கப்பல் என்றாலே குமட்டுகிறது, ராயபுரத்தில் ஒரு பேக்கரியில் வேலை, அம்மாகிட்ட சொல்லாதடி என்று நீ அழுதாய். "பேக்கரியா? மாவா பிசையிற?" என்று நான் கத்தியது அபர்டீன் பஜார் வரைக்கும் கேட்டிருக்கும். முன்னறையில் அம்மாவின் தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்த தைரியத்தில்தான் கத்தினேன்.

தீவில் பிறந்தவளுக்குக் கடல் குமட்டுகிறதாம். மீனுக்கு ஜலதோஷம் பிடித்த கதை. சரி, குமட்டினால் குமட்டிவிட்டுப் போகட்டும். அதை வீட்டில் சொல்ல இரண்டு மாதமாய் வாய் வரவில்லை பார், அதற்குத்தான் உன்னைப் பிடித்து உலுக்க வேண்டும்.

இனி என்னை விரட்டவைத்த பள்ளி விழாவுக்கு வருகிறேன். "வெற்றிப் பெண்கள், வழிகாட்டும் கண்கள்" என்று வாசலில் ஃப்ளெக்ஸ். எதுகை கிடைத்துவிட்டால் எங்கள் பிரின்சிபால் மேடத்துக்கு அர்த்தம் தேவைப்படாது. ஒன்பது பெண்கள், ஒன்பது சார்ட். அவர்கள் ஏறி வந்த பாதையைப் படித்து நாங்கள் ஊக்கம் பெற வேண்டுமாம். படித்தேன். ஒன்பதும் ஒரே பாதை: சின்ன வயதில் கஷ்டம், நடுவில் விடாமுயற்சி, கடைசியில் சால்வை. ஒருத்திகூட வழியில் நின்று ஒரு டீ குடிக்கவில்லை. ஐந்தாவது சார்ட் நீ. வெள்ளைத் தொப்பி வைத்த அந்தப் போட்டோ, கீழே 'நாளைய கேப்டன்'.

சார்ட்டோடு விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேன். விழா முடிவில் மேடையிலிருந்தே உனக்கு வீடியோ கால், பெரிய திரையில், மொத்தப் பள்ளியும் பார்க்க. நீ எடுக்காவிட்டால் கல்லூரிக்கே போடலாம் என்று அந்த நம்பரையும் பிரின்சிபால் வாங்கி வைத்திருந்தார். முன்வரிசையில் அம்மாவுக்கு நாற்காலி, கையில் பூங்கொத்து. அப்பா ரங்கத் ஊரில் ரோடு வேலையில் இருந்ததால் தப்பித்தார். அம்மாவுக்கு அத்தனை பேர் முன்னால், திரையில், ஒரு கல்லூரி கிளார்க் வாயால் தெரிய வேண்டுமா? நீயே சொல்.

அதனால் விழா அன்று காலை உன்னைச் சுவரிலிருந்து இறக்கினேன். அந்த இடத்தில் மீன் மார்க்கெட் அங்கம்மா அத்தையை ஏற்றினேன். போன பொங்கலுக்குப் பட்டுப்புடவையில் நான் எடுத்த போட்டோ. கீழே என் அழகான கையெழுத்தில்: 'டாக்டர் அங்கம்மா. கடல்சார் துறையில் முப்பது ஆண்டுகள். ஒரு நாளைக்கு இருநூறு அறுவைச் சிகிச்சைகள். இன்றுவரை ஒரு நோயாளியும் புகார் செய்ததில்லை.'

சிறப்பு விருந்தினர் மெயின்லேண்டிலிருந்து வந்த ஊக்கப் பேச்சாளர். ஹேவ்லாக் பீச்சுக்குப் போகிற வழியில் எங்களுக்குக் கொஞ்சம் ஊக்கம் தெளித்துவிட்டுப் போக வந்தவர். ஏறினேன், ஏணியில் ஏறினேன், யார் துணையுமின்றி ஏறினேன் என்று அரைமணி நேரம் ஏறினார். ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றது மாமனார் என்று அவர் புத்தகத்தின் நன்றியுரையிலேயே இருக்கிறது. நன்றியுரையை யார் படிப்பார்கள் என்ற நம்பிக்கை. பிறகு சார்ட் சார்ட்டாகப் புகழ்ந்துகொண்டே வந்தார். ஐந்தாவதில் நின்று நெஞ்சில் கைவைத்து, "டாக்டர் அங்கம்மா! டில்லி மாநாட்டுல என் பக்கத்து சீட். எவ்வளவு எளிமை தெரியுமா?" என்றார்.

அரங்கமே சிரிப்பில் வெடித்தது. அந்த அரங்கில் அங்கம்மாவிடம் சூரை மீன் வாங்காத வீடு ஏது? மேடம் குடித்த தண்ணீர் மூக்கில் ஏறியது. வீடியோ காலை யாரும் நினைக்கவில்லை. எல்லாரும் கையெழுத்தை வைத்து என்னைத் தேடுவதில் மும்முரம்.

அங்கம்மா காதுக்குப் போனதும், "ஏண்டி ராங்கி, டில்லிக்கு நான் எதுல போனேன், ஐஸ் பெட்டியிலயா?" என்று கேட்டு அரிவாள்மணை அதிரச் சிரித்தாள். மன்னிப்புக் கேட்கப் போன எனக்கு டீ வாங்கிக் கொடுத்துத் தன் பாதையைச் சொன்னாள். "சௌல்தாரி தோப்புல பாக்கு உரிச்சேன், பிடிக்கல, விட்டேன். ஒரு ஆபீஸ்ல பெருக்கினேன், பக்வாஸ் வேலை, அதையும் விட்டேன். இது பிடிச்சுது, உட்கார்ந்துட்டேன்." அக்கா, ஒன்பது சார்ட்டையும் மறுபடி மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். 'விட்டேன்' என்ற சொல் ஒன்றில்கூட இல்லை. இப்போது ஐந்தாம் நம்பர் சார்ட் அவள் தராசுக்கு மேல் தொங்குகிறது. கூட்டம் கூடியிருக்கிறதாம்.

மறுநாள் பிரின்சிபால் அம்மாவைக் கூப்பிட்டார். "ஒரு வீட்டுல ரெண்டு பொண்ணு, ஒண்ணு கேப்டன், ஒண்ணு கோமாளி. அக்காவைப் பார்த்துக் கத்துக்கச் சொல்லுங்க" என்றார். அம்மா குடையை எடுத்துக்கொண்டு எழுந்து, "ரெண்டும் சரியாத்தான் இருக்கு மேடம்" என்றாள். வழியெல்லாம் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. எனக்குப் பயமாக இருந்தது.

நேற்று நான் குளித்துவிட்டு வந்தால் பரண் திறந்திருக்கிறது. கொசுவலை கீழே கிடக்கிறது. "உன் எலியை இறக்கிட்டேன்" என்றாள் அம்மா. அவள் மடியில் உன் இரண்டு வெள்ளைச் சட்டைகள். காலர் பிரித்து, கை பிரித்து, தோளில் பட்டை செருகும் இடத்தைப் பிரித்து, மத்தியானம் முழுக்கத் தைத்தாள். நாடா வைத்து, முன்னால் பெரிய பாக்கெட் வைத்து, ஒரு ஏப்ரன். எதற்கு இது என்று கேட்டேன். நூலைப் பல்லால் கடித்தபடி, "மாவு படும்ல" என்றாள்.

அவ்வளவுதான். உன் பெயரைக்கூடச் சொல்லவில்லை. அன்றைக்கு நான் கத்தியபோது மிஷின் ஓடிக்கொண்டிருந்தது என்றேனே, எப்போது நின்றதோ தெரியவில்லை.

பார்சலில் ஏப்ரனும் புதுக் கருவாடும் இருக்கின்றன. மாமாவிடம் உண்மையைச் சொல்லியாயிற்று; நீ வேலை செய்யும் பேக்கரியின் பெயர் தெரியாததால், ராயபுரத்து பேக்கரி ஒவ்வொன்றாக ஏறி இறங்குவதாக மாமா சத்தியம் செய்திருக்கிறார். கண் சரியாகத் தெரியாத மனிதர், அடுத்த முறையாவது அவரை அலையவிடாதே. அம்மா இப்போது போனைக் கத்தரிக்கோல் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் தைக்கிறாள். மணி பார்க்கவாம். சுவரில் கடிகாரம் நன்றாகத்தான் ஓடுகிறது.

பன் அடுப்புக்குள் போனதும் ஒரு போன் பண்ணு அக்கா. எனக்கு இல்லை, அம்மாவுக்கு. கை கழுவிவிட்டுப் பண்ண வேண்டும் என்றில்லை.

ஆசி சொல்ல எனக்கு வயசில்லை, இருந்தாலும் சொல்கிறேன்: உன் மாவு நன்றாக உப்பட்டும்.

இப்படிக்கு,
கோமாளி
திவ்யா