கையை விடச் சொன்னாள்

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் மருமகளின் வணக்கம். முழங்கால் வலி தேவலையா? பாப்பா ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா? நான் நலம். போனில் பேசினால் பாப்பா பக்கத்தில் இருப்பாள் என்றுதான் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு கூத்து நடந்தது. அறையிலேயே முடங்கிக் கிடக்கிறேன் என்று, சலவைக்கூடத்தில் என்னோடு இஸ்திரி போடும் தோழி ஒரு ஜிம்முக்கு இழுத்துப் போனாள். அங்கே உயரமான சுவரில் கல் கல்லாகப் பதித்திருக்கிறார்கள்; அவற்றைப் பிடித்து ஏற வேண்டும். பயப்படாதீர்கள், என் இடுப்பில் கயிறு கட்டியிருந்தது. மறுமுனை அவளிடம்.

ஈரப் போர்வை தூக்கிப் பழகிய கைகளாயிற்றே, உச்சிவரை ஏறிவிட்டேன். இறங்கத்தான் தெரியவில்லை. இரண்டு கையையும் விட்டுப் பின்னால் சாய வேண்டுமாம்.

"கையை விடுடி! நான் பிடிச்சிருக்கேன்ல!" என்று கீழிருந்து கத்தினாள்.

உங்கள் பிள்ளை கண் மூடியதிலிருந்து அப்படி யாரும் என்னிடம் சொன்னதில்லை, அத்தை. அவரை எடுத்த அன்றுகூட, பாப்பா பயந்துவிடுவாளே என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். இப்போது பல்லி மாதிரி சுவரில் ஒட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதேன். அழுது ஓய்ந்தபின் கையை விட்டேன். அவள் மெல்ல இறக்கினாள்.

மறுபடியும் போகலாம் என்கிறாள். என் பழைய பருத்திச் சுடிதாரை அனுப்பி வையுங்கள். அப்புறம், பாப்பா அப்பாவைக் கேட்டால் நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்றும் எழுதுங்கள். போனில் என்னையும் கேட்கிறாள். நாம் ஆளுக்கொன்று சொல்லிவிடக் கூடாது.

வேலைக்கு மணி அடித்துவிட்டது, ஓடுகிறேன்.

உங்கள் மருமகள்