ஆல்பத்தின் தொடக்கத்தில் என் அழுகை

எழுந்ததும் இந்தச் சீட்டைப் படி. சாப்பாடு பிரிட்ஜில் இருக்கிறது, சுட வைத்துச் சாப்பிடு. பாப்பாவுக்குத் தையல் பிரிக்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறேன். தூங்கட்டுமே என்று பாவம் பார்த்து உன்னை விட்டுப் போனதாக நினைக்காதே. உன் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

நேற்று நீ குளிக்கும்போது, உன் பாட்டுகளுக்கு மிக்ஸிங் செய்கிற தம்பி வந்தான். "அண்ணி, உங்க குரல்லதான் பக்தி ஆல்பமே ஆரம்பிக்குது. கேட்டா உடம்பு சிலிர்க்குது" என்று ஹெட்போனை என் காதில் மாட்டினான்.

பாப்பாவுக்கு ஆபரேஷன் நடந்தபோது, வராந்தாவில் உட்கார்ந்து நான் சாமியிடம் அழுதது. "அவளை விட்டுடு, என்னை எடுத்துக்கோ." ஒரு விசும்பலைக்கூட வெட்டவில்லை நீ. அதற்கு அடியில் தாளம். பிறகு சாமியைப் பற்றி உன் ராப்.

அன்றைக்கு என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாய். நீயும் வேண்டிக்கொள்கிறாய் என்று நம்பித்தான் கண்ணை மூடினேன். உன் இன்னொரு கையில் போன் ரெக்கார்ட் செய்துகொண்டிருந்திருக்கிறது.

கேட்டால், "சாமிக்குத்தானே பண்றேன்" என்பாய். சாமிக்கு அது அன்றைக்கே கேட்டுவிட்டது.

வெளியே போனால் சாவியை மாடி வீட்டு அக்காவிடம் கொடு.

செருப்பு மாட்டும்போது பாப்பா கேட்கிறாள்: "தையல் பிரிக்கறப்போ அப்பா என் கையைப் புடிச்சுக்குவாரா?" வருவதென்றால் போனை வீட்டிலேயே வைத்துவிட்டு வா. இரண்டு கையும் காலியாக இருக்கட்டும்.